ஹார்க்கர் உலை அணைந்த காரணம்

லண்டனின் ஹவுன்ஸ்லோவில் அம்பலவாணனை அமெரிக்கன் என்று அழைத்தார்கள். அவர் அமெரிக்காவுக்குப் போனதில்லை.

விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் ஒரு சமையற்கூடத்தில் அவர் வேலை செய்தார். நகர்ந்து வரும் பட்டியின் முன் நின்று ஒவ்வொரு தட்டிலும் ஒரு பன்னும் ஒரு வெண்ணெய்க்கட்டியும் வைக்க வேண்டும். அடுத்து நிற்பவர் சலாட் வைப்பார். அதற்கடுத்தவர் கரண்டிப் பொட்டலம் வைப்பார். பட்டி யாருக்காகவும் நிற்காது. கூடம் எப்போதும் குளிராக இருக்கும். இடைவேளையில் மற்றவர்கள் சீட்டாடும்போது அவர் மூலையில் இருந்து போட்டோகொப்பித் தாள்களை வாசித்தார். என்ன வாசிக்கிறீர்கள் என்று ஒருவன் கேட்டான். அமெரிக்காவில் இருந்த ஓர் இரும்பு உலையைப் பற்றி என்றார். அந்தப் பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

2009ஆம் ஆண்டு மார்ச்சில் பல்கலைக்கழகம் அவருக்குக் கடைசித் தவணை கொடுத்தது. ஜூன் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கையளிக்க வேண்டும். இல்லையென்றால் பதிவு நீக்கப்படும். இதற்குமேல் நீட்டிப்பு இல்லை. ஆறு அத்தியாயங்கள் முடிந்திருந்தன. ஏழாவது, கடைசி அத்தியாயம், தலைப்பாக மட்டும் இருந்தது. உலை ஏன் அணைந்தது?

அவருக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது.

பேராதனையில் வரலாறு படித்தவர். எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம் லண்டனுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துப் புகையிலை வணிகத்தை ஆராய்வது அவருடைய எண்ணம். புகையிலையை மேற்பார்வை செய்ய இங்கே ஆளில்லை என்றார் பேராசிரியர். ஆனால் ஒரு லண்டன் கம்பனியின் பத்திரங்கள் யாரும் தொடாமல் கிடக்கின்றன, அமெரிக்காவில் அவர்கள் நடத்திய இரும்பு உலை பற்றியவை, அதற்கு உதவித்தொகையும் இருக்கிறது என்றார். இரும்பா புகையிலையா என்று யோசிக்க அம்பலவாணனுக்கு நேரம் இருக்கவில்லை. விசா ஒக்டோபரில் முடிந்தது. இரும்பு என்று சொன்னார்.

அமெரிக்கா தனி நாடாவதற்கு முன்பு, 1740களில், லண்டன் வணிகர்கள் சிலர் சேர்ந்து மேரிலாந்தில் அந்த உலையைக் கட்டினார்கள். அவர்களில் ஒருவர் பெயர் ஹார்க்கர். அவரும் அங்கே போனதில்லை. மலைச்சரிவின் அடியில், ஓர் ஓடைக்கரையில், மூன்று மாடி உயரத்துக்குக் கல்லால் ஒரு கோபுரம். சரிவின் மேலிருந்து கோபுரத்தின் வாய்வரைக்கும் ஒரு மரப்பாலம். கூடைகளில் கரியையும் தாதுக்கல்லையும் சுண்ணாம்புக்கல்லையும் சுமந்து பாலத்தால் வந்து வாய்க்குள் கொட்டுவார்கள். கீழே ஓடைநீர் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் துருத்தியை ஊதும். இரும்பு உருகி அடியில் தேங்கும். காலையும் மாலையும் மணி அடித்து, அடிவாயைத் திறந்து, மணலில் வெட்டிய வாய்க்கால்களில் அதை ஓடவிடுவார்கள். நடு வாய்க்காலைத் தாய்ப்பன்றி என்றும் கிளைகளைக் குட்டிகள் என்றும் சொல்வார்கள். குட்டிகள் ஆறியதும் உடைத்துக் கப்பலில் ஏற்றி லண்டனுக்கு அனுப்புவார்கள்.

ஒருமுறை மூட்டினால் அந்த உலையை அணைக்கக்கூடாது. ஓடை உறையும்வரைக்கும், அல்லது உட்கல் தேயும்வரைக்கும், மாதக்கணக்கில் எரியும். இடையில் தீ தணிந்தால் இரும்பு உள்ளேயே இறுகிவிடும். பிறகு கோபுரத்தின் வயிற்றை உடைத்துத்தான் அதை எடுக்க வேண்டும். ஆகவே இரவும் பகலும் யாராவது கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொட்டியவர்களில் பாதிப்பேர் விலைக்கு வாங்கப்பட்ட கறுப்பு அடிமைகள். மீதிப்பேர் லண்டன் சிறைகளிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள். ஒருவன் ஒரு வெள்ளிக் கரண்டி திருடியவன். இன்னொருவன் இரண்டு முழம் துணி.

இப்படி ஆறவிட்டும் மூட்டியும் முப்பது வருடங்களுக்குச் சற்றுக் குறைய எரிந்தது. பிறகு அணைந்தது. மீண்டும் மூட்டப்படவில்லை.

காடு தீர்ந்துவிட்டது, கரிக்கு மரமில்லை என்று பழைய புத்தகங்கள் சொல்லின. அம்பலவாணன் மூன்றாம் வருடத்தில் நில அளவைப் படங்களைப் பார்த்து, மேற்குச் சரிவின் காடு வெட்டப்படவே இல்லை என்று கண்டுபிடித்தார். பேராசிரியர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்படியானால் ஏன் அணைந்தது என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு பேராசிரியர் ஓய்வு பெற்றார். பிறகு இறந்துபோனார்.

உதவித்தொகை நின்றது. அகதி விண்ணப்பம், பெற்றோல் நிலையம், கல்யாணம், வீடு, மகள் சாருஜா. பகுதிநேர மாணவராகப் பதிவு செய்தார். பதிவு விட்டுப்போனது. மறுபடி பதிந்தார். ஓடை வற்றியிருக்கலாம் என்று நினைத்தார். அது பொய் என்று தெரிய மூன்று வருடம் போனது. இரும்பு விலை விழுந்திருக்கலாம். அதுவும் இல்லை. காய்ச்சல் பரவியிருக்கலாம். காய்ச்சல் வந்தது, ஆனால் அதற்குப் பிறகும் உலை எரிந்திருக்கிறது. அமெரிக்கச் சுதந்திர யுத்தம் உலை அணைந்த பின்னர்தான் தொடங்கியது. ஒவ்வொரு காரணமும் அவருடைய தலைமுடியில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போனது.

சாருஜா ஒருநாள் கணினியில் அந்த இடத்தை மேலிருந்து காட்டினாள். பச்சை. ஒரு கார் தரிப்பிடம். மறுபடி பச்சை.

"அப்பா, இவ்வளவுதானா?" என்றாள்.

"ஓம்."

ஏப்ரலில் லண்டன் தமிழர்கள் இலங்கை யுத்தத்தை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றச் சதுக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். வன்னியில் சனம் ஒரு கடற்கரைத் துண்டுக்குள் ஒடுக்கப்பட்டிருந்தது. சதுக்கம் ஒரு நிமிடமும் வெறுமையாகக் கூடாது என்று இருந்தார்கள். வெறுமையானால் பொலிஸ் மூடிவிடும் என்ற பயம். மாணவர்கள் பகலில் வந்தார்கள். கடைக்காரர்கள் கடை பூட்டிவிட்டு வந்தார்கள். இல்ஃபோர்டிலிருந்தும் ஹரோவிலிருந்தும் குடும்பங்கள் முறைவைத்து வந்தன. சமையற்கூடத்தில் யாரும் கூடிப் பேசாமலே ஒரு வழக்கம் உண்டானது. சதுக்கத்துக்குப் போகிறவனின் ஷிப்டை போகாதவன் பார்ப்பான். அவனுடைய வேலைநேர அட்டையை மெஷினில் அடிப்பான். அவனுடைய இடத்தில் நிற்பான்.

அம்பலவாணனிடம் முதலில் வந்தவர் ஞானேஸ்வரன். சலாட் வைப்பவர். ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டுப் பிள்ளைகளின் ஆங்கிலத்துக்காக லண்டனுக்கு வந்தவர். அவருடைய தங்கை ராஜலட்சுமி பிள்ளைகளோடு வன்னியில் இருந்தாள். கடைசியாக அவள் தொலைபேசியில் பேசியது பெப்ரவரியில்.

"அண்ணை, நாளைக்குப் பின்னேரம் என்ர ஷிப்டைப் பாப்பியளோ?"

"மனேஜரிட்டைக் கேட்டனீரோ?"

"கேட்டா லீவு எண்டு எழுதுவான். லீவு முடிஞ்சுது. என்ர அட்டையை அடியுங்கோ. அவனுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகந்தானே."

"எனக்கு எழுத்து வேலை கிடக்கு."

"அந்த அடுப்பு இருநூறு வருசமா ஆறிப்போய்க் கிடக்கு அண்ணை. இன்னும் ரெண்டு கிழமை கிடந்தா பழுதாகாது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்பலவாணனும் சிரித்தார். அட்டையை வாங்கிக்கொண்டார்.

மற்றவர்களும் வந்தார்கள். ஒருவனின் தகப்பன் வன்னியில். இன்னொருவனின் மனைவியின் குடும்பம் முழுக்க வன்னியில். அம்பலவாணனின் உறவுகள் முன்பே கனடாவுக்குப் போய்விட்டன. மறுப்பதற்கு அவரிடம் ஒரு உலை மட்டுமே இருந்தது. காலையில் தன்னுடைய இடத்தில் நின்றார். பின்னேரம் இன்னொருவனின் இடத்தில் நின்றார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கட்டிலில் சாய்ந்தார்.

அவருடைய மனைவி சந்திரவதனா சனிக்கிழமைகளில் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு சதுக்கத்துக்குப் போனார்.

"உங்கட மனுசன் ஒருநாளும் வாறேல்லையோ எண்டு சனம் கேக்குது" என்றார்.

"நான் இஞ்ச ரெண்டு பேருக்கு நிக்கிறன் எண்டு சொல்லும்."

"சொன்னனான். அப்ப அவர் எப்ப எழுதுறார் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நான்தான் கேக்கிறன்."



மே மாதத் தொடக்கத்தில் ஒரு பின்னேரம், வேறொருவனின் ஷிப்டில், அவருடைய கை நின்றது. பன் கையில் இருந்தது. தட்டு வந்தது. கை போகவில்லை. அடுத்த தட்டும் வந்தது. யாரோ "அமெரிக்கன்! பன்!" என்று கத்துவது கேட்டது. கேட்டதும் விளங்கியது. ஆனாலும் கை எழும்பவில்லை. அவர் மறுக்கவில்லை. கோபமும் இல்லை. வெறும் தட்டுகள் வரிசையாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று சலாட் வைத்தவர் எட்டி அவருடைய தோளைத் தட்டினார். கை மறுபடி அசைந்தது.

அன்று பஸ்ஸில் போகும்போது உலை அணைந்த விதம் அவருக்குத் தெரிந்தது. பாலத்தில் கூடையோடு வந்தவன் பாதியில் நின்றிருக்கிறான். பின்னால் வந்தவன் அவனை முந்திப் போகவில்லை. அவனும் நின்றான். தீ தணிந்தது. இரும்பு இறுகியது. கோபுரத்தை உடைத்து மீண்டும் கட்டும்படி லண்டனிலிருந்து எழுதினார்கள். அடித்தார்கள். இரண்டு பேரை விற்றார்கள். யாரும் கலகம் செய்யவில்லை, தீ வைக்கவில்லை, ஓடிப்போகவில்லை. சனம் களைத்துவிட்டது. முப்பது வருடக் களைப்பு. அதற்குப் பிறகு அதை யாராலும் மூட்ட முடியவில்லை.

இது சரி என்று அவருக்குத் தெரிந்தது. மகிழ்ச்சி வரவில்லை. இதை நிறுவ ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை என்பதும் கூடவே தெரிந்தது.

அடுத்த கிழமை மனேஜர் கிரெயம் அம்பலவாணனையும் ஞானேஸ்வரனையும் கூப்பிட்டார். கிரெயம் கெட்ட மனிதர் அல்ல. மேசையில் கையை ஊன்றிக்கொண்டு ஞானேஸ்வரனைப் பார்த்தார்.

"நேற்றுப் பின்னேரம் செய்தியில் உங்களைக் கண்டேன். பாராளுமன்றத்துக்கு முன்னால் வீதியில் உட்கார்ந்திருந்தீர்கள். அதே நேரம் இங்கே நாலாம் வரிசையில் சலாட்டும் வைத்திருக்கிறீர்கள். எப்படி என்று சொன்னால் மற்றவர்களுக்கும் பழக்கலாம்."

ஞானேஸ்வரன் கூரையைப் பார்த்தார். "அது என் தம்பி. என்னைப்போலத்தான் இருப்பான்."

"அட்டையை அடித்தது நான்" என்றார் அம்பலவாணன்.

விசாரணை முடியும்வரை இருவரும் வேலைக்கு வரவேண்டாம் என்று கிரெயம் சொன்னார்.

வாசலில் ஞானேஸ்வரன் சிகரெட்டைப் பற்றவைத்தார். "ஏன் அண்ணை சொன்னனீங்கள்? தம்பி எண்டு விட்டிருப்பான்."

"உமக்குத் தம்பியே இல்லை."

"அது அவனுக்குத் தெரியுமே?"

"அடுத்த கிழமை உம்மட தம்பிக்கு என்ன பேர் எண்டு கேப்பான். அதை ஞாபகம் வைச்சிருக்க எனக்கு ஏலாது."

ஞானேஸ்வரன் சிரித்தார். பிறகு சொன்னார்: "உங்களுக்கு நல்லதுதான். போய் எழுதுங்கோ."

இருபத்தைந்து வருடங்களாக அம்பலவாணன் கேட்ட நேரம் கிடைத்தது. அவர் நித்திரை கொண்டார். காலையில் எழும்பித் தேநீர் குடித்து மேசையில் உட்கார்ந்து, தலையைத் தாள்களின் மேல் வைத்து நித்திரை கொண்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நித்திரை கொண்டார். சந்திரவதனா வேலையால் வந்து கதவைத் திறக்கும் சத்தத்தில் எழும்பினார்.

"இஞ்சருங்கோ, எழும்பி எழுதுங்கோவன்."

"எழுதுறன்."

"பேனையைக்கூடத் திறக்கேல்லை நீங்கள்."

அப்படி இருந்த ஒருநாள், யுத்தம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. சந்திரவதனா ஒலியைக் குறைத்தார். அணைக்கவில்லை. படம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அந்த மாதக் கடைசியில் ஞானேஸ்வரன் வீட்டுக்கு வந்தார். தாடி வளர்ந்திருந்தது. தங்கையைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. சதுக்கத்தில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள், ஆனால் குறைந்துகொண்டே போனார்கள். தேநீரைக் குடிக்காமல் கோப்பையைக் கையில் வைத்திருந்தார்.

"நேற்று என்னை ஒருத்தன் கேட்டான், நீங்களும் விட்டிட்டியளோ எண்டு. நான் கால் நோவுது எண்டு சொன்னன். சிரிச்சான். கால் நோவு ஒரு காரணமோ எண்டு கேட்டான்."

அம்பலவாணன் ஒரு கதிரையை அவருடைய காலுக்கு அருகில் இழுத்து வைத்தார்.

"உங்கட அடுப்பு என்ன மாதிரி? காரணம் பிடிச்சாச்சோ?"

"பிடிச்சிட்டன்."

"என்ன?"

"ஆக்கள் களைச்சுப்போச்சினம்."

ஞானேஸ்வரன் அவரைப் பார்த்தார். "இதுக்கோ இருபத்தைஞ்சு வருசம்?"

"ஓம்."

"பகிடி விடாதேங்கோ."

"பகிடி இல்லை. காடு கிடந்தது, தண்ணி கிடந்தது, இரும்புக்கு விலையும் கிடந்தது. ஆக்களாலை ஏலாமல் போச்சு. அவையில பிழை இல்லை."

ஞானேஸ்வரன் கோப்பையை மேசையில் வைத்தார். நெடுநேரம் தொலைக்காட்சியைப் பார்த்தார். அது அணைந்திருந்தது.

"அதை எழுதுங்கோ அண்ணை" என்றார். "அப்பிடியே எழுதுங்கோ. அவையில பிழை இல்லை எண்டதையும் போடுங்கோ. புத்தகத்தில ஒரு இடத்திலயாவது கிடக்கட்டும்."

அம்பலவாணன் எழுதினார். இந்தமுறை நித்திரை வரவில்லை. ஏழாவது அத்தியாயம் சிறியது. கூடையின் பாரம், பாலத்தின் சரிவு, உலை ஒருநாளைக்குக் கேட்ட கரி, கொட்டியவர்களின் வயது, எத்தனை பேருக்கு மாற்று ஆள் இருந்தது, எல்லாவற்றையும் முதல் ஆறு அத்தியாயங்களிலிருந்து எடுத்து அடுக்கினார். முடிவில் ஒரே வசனம். தொழிலாளர்கள் களைத்திருந்தார்கள்; அது அவர்களுடைய தவறல்ல.

இப்போதைய மேற்பார்வையாளர் டொக்டர் ஹெலன் பார்லோ அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அத்தியாயத்தை அவர் முன்னாலேயே இரண்டாம் முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுவரை நீங்கள் எழுதியதில் இதுதான் நல்ல எழுத்து" என்றார். "ஆனால் பரீட்சகர்கள் முதல் கேள்வியாகக் கேட்பார்கள். களைப்பு என்பதற்கு ஆதாரம் என்ன?"

"மற்றக் காரணங்கள் எல்லாம் இல்லை என்று காட்டியிருக்கிறேன்."

"அது போதாது. ஒரு சாட்சி வேண்டும். ஒருவர் சொன்னது, ஒருவர் பார்த்தது."

"அவர்களுக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவர்கள் களைக்கவில்லை."

ஹெலன் தலையாட்டினார். உண்மையாகவே யோசித்தார். "இப்படியே கொடுத்தால் இரண்டு வருடம் திருத்தக் கேட்பார்கள். சில வேளை முழுதாகவே தள்ளுவார்கள். முடிவை மட்டும் மாற்றலாம். பல காரணங்கள் சேர்ந்து உலையை அணைத்தன என்று எழுதுங்கள். கரிச் செலவு, நீர், விலை, தொழிலாளர் நிலைமை. யாரும் அதை மறுக்கமாட்டார்கள்."

"தண்ணீரும் விலையும் இல்லை என்று மூன்றாம் அத்தியாயத்திலும் நாலாம் அத்தியாயத்திலும் எழுதியிருக்கிறேன்."

"முழுக் காரணம் இல்லை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்." மெதுவாகச் சொன்னார். "உங்களிடம் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதா, அம்பலவாணன்?"

அம்பலவாணன் பிக்கடில்லி ரெயினில் உட்கார இடம் கிடைத்து உட்கார்ந்தார். ஹவுன்ஸ்லோவரைக்கும் அதையே யோசிக்க வேண்டும் என்று நினைத்தார். பாதி வழியில், ஹமர்ஸ்மித்துக்குப் பிறகு, யோசிக்கத் தெம்பில்லை.

அன்றிரவே மாற்றினார். அதிக நேரம் எடுக்கவில்லை. ஒரு வசனத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நீளமான இன்னொன்றை வைத்தார். பல காரணங்கள் சேர்ந்து. எழுதி முடித்ததும் அது வேறு யாரோ எழுதியது போல ஒழுங்காக இருந்தது. ஜூன் கடைசிக் கிழமை ஆய்வேட்டைக் கட்டுவித்துக் கையளித்தார். பல்கலைக்கழக அலுவலகக் கருமபீடத்தில் இருந்த பெண் பெயரைச் சரிபார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

சமையற்கூடத்தில் இருவருக்கும் கடைசி எச்சரிக்கை கொடுத்துத் திரும்ப எடுத்தார்கள். ஓகஸ்டில் ஞானேஸ்வரனின் தங்கை ராஜலட்சுமி அகதி முகாமில் இருப்பதாகச் செய்தி வந்தது. பிள்ளைகள் கூட இருந்தார்கள். கணவன் இல்லை. ஞானேஸ்வரன் அன்றைக்கும் வேலைக்கு வந்தார்.

நவம்பரில் வாய்மொழிப் பரீட்சை நடந்தது. இரண்டு பரீட்சகர்களும் மரியாதையாகப் பேசினார்கள். கடைசி அத்தியாயம் மிகவும் நிதானமானது, எந்த ஒரு காரணத்தையும் மிகைப்படுத்தாதது என்று ஒருவர் சொன்னார். அம்பலவாணன் நன்றி சொன்னார். பட்டம் கொடுப்பதாகச் சொன்னார்கள். வெளியே வந்து சந்திரவதனாவை அழைத்தார்.

"தந்திட்டாங்கள்."

அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுகிறார் என்று தெரிந்தது. "அப்ப ஏன் உங்கட குரல் இப்பிடிக் கிடக்கு?" என்றார் பிறகு.

"ஒண்டுமில்லை. பின்னேரம் ஷிப்ட் கிடக்கு."

சமையற்கூடத்தில் செய்தி முன்பே வந்திருந்தது. டொக்டர் வாறார், டொக்டர் வாறார், கால் நோவுக்கு மருந்து தாங்கோ என்றார்கள். ஒருவன் விமானக் கேக் ஒன்றை மறைத்து வைத்திருந்து வெட்டச் சொன்னான். மணி அடித்தது. எல்லோரும் வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு இடங்களுக்குப் போனார்கள்.

பட்டி நகரத் தொடங்கியது. அம்பலவாணன் பன்னை வைத்தார். வெண்ணெய்க்கட்டியை வைத்தார். பக்கத்தில் ஞானேஸ்வரன் சலாட்டை வைத்தபடி, அவரைப் பார்க்காமல் மெல்லக் கேட்டார்.

"அண்ணை, அதைப் போட்டனீங்கள்தானே? ஆக்கள் களைச்சுப்போச்சினம் எண்டது. அவையில பிழை இல்லை எண்டது."

தட்டுகள் வந்தன.

"ஓம்" என்றார் அம்பலவாணன். "போட்டனான்."

ஞானேஸ்வரன் தலையாட்டினார். "நல்லது" என்றார். "அது காணும்."